தட்டுப்படாத டிஸ்க்

பெங்களூர் தொம்மலூரில் மெயின் ரோட்டுக் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி உள்ளே திரும்பினால் அப்போதும் பழைய ஊர் இருந்தது. சந்து குறுகும். குழாயடியில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசைகட்டி நிற்கும். ஒரே சண்டை பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் நடக்கும். அந்தச் சந்தின் முனையில் கோவிந்தப்பாவின் போட்டோ ஸ்டுடியோ. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. குளிர் காலத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அவரைக்காய்ச் சாரு என்கிற கன்னடத்துக் குழம்பு கொதிக்கிற வாசனை வரும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வந்தவர்கள் அந்த வாசனையை இழுத்துக்கொண்டே கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொள்வார்கள்.

பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது கோவிந்தப்பா கொஞ்சம் ஆடித்தான் போனார். கேமரா அவர் கைக்கு உடனே பழகிவிட்டது. கம்ப்யூட்டர்தான் பயம். "நம்ம நாணு இருக்கான் இல்ல, நீங்க எதுக்குப் பயப்படறீங்க?" என்று தைரியம் சொன்னவள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. நாணு அவளுடைய தம்பி. மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், கடையை இடித்து அபார்ட்மெண்ட் கட்டியதும் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தான். சாயங்கால வகுப்பில் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தான். சர்டிபிகேட் வந்த அன்றே கோவிந்தப்பா அதை ஃபிரேம் போட்டுக் கடையில் மாட்டினார். அதற்கப்புறம் சந்தில் அவன் பேர் இன்ஜினியர் நாணு. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகியது. பிறகு, யாராவது வெறுமனே நாணு என்று கூப்பிட்டால் என்னவோபோல் இருந்தது.

கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கிற எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் புது மிஷின் வாங்கினார்கள். புது டிஸ்கில் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தது அந்தக் கடைக்காரர்கள். பழைய மிஷினில் இருந்த சின்ன டிஸ்கைக் கழற்றி இதற்குள்ளேயே இரண்டாவதாக மாட்டியது மட்டும் நாணுவின் வேலை. கல்யாணப் படங்கள் எல்லாம் அந்தப் பழைய டிஸ்கில்தான் இருந்தன. கேமராவின் கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிடுவார்கள். "எல்லாத்தையும் ஒரு சிடியில போட்டு வைடா" என்று கோவிந்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மிஷினின் டிரைவ் சிடியைப் படித்தது, எழுதத்தான் மாட்டேன் என்றது. நாணுவும் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் ஜோசஃபின் மகள் அனுஷாவுக்குக் கல்யாணம். ஜோசஃபின் அடுத்த சந்து. வீட்டிலேயே கேக் போட்டு விற்கிறவள். புருஷன் டெஸ்மண்ட் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவர். பல வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்கென்றே வந்தார். அவள் கையைப் பிடித்து மாதா கோவில் நடையில் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் விட்டார். லீவு முடிந்ததென்று உடனே விமானம் ஏறிவிட்டார். மஸ்கட்டுக்குத் திரும்பும் உறவுக்காரர் ஒருவர் கையில் ஆல்பத்தைக் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க ஜோசஃபின் ஒரு காலை கடைக்கு வந்தாள். டப்பாவில் கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். கோவிந்தப்பா வெளியே ஒரு பெயர்சூட்டு விழாவுக்குப் போயிருந்தார். யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, மிஷின் ஒரு ஃபோல்டரைத் திறக்கவே முக்கி முனகியது. நாலு படம் பார்ப்பதற்குள் ஸ்கிரீன் உறைந்துபோனது.

"இன்னா தம்பி, தூங்கிப்போச்சா?"

"வைரஸ்க்கா. விண்டோஸை அழிச்சிட்டுப் புதுசா போட்டுட்டா சரியாப்பூடும்."

"அழிச்சிட்டா போட்டோ?"

"போட்டோ வேற டிஸ்க்ல இருக்குது. அதை நான் தொடவே மாட்டேன். நீங்க உக்காருங்க, மத்தியானத்துக்குள்ள பண்ணிடறேன்."

"நீ இன்ஜினியரு, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு ஜோசஃபின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சிடியைப் போட்டான். நீல ஸ்கிரீன் வந்தது. எந்த டிஸ்கில் ஏற்றுவது என்று கேட்கிற இடத்தில் இரண்டு டிஸ்க் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிந்தது. அதன் அளவும் பக்கத்திலேயே இருந்தது. சின்ன அளவு. புது டிஸ்க் அதைவிட நாலு மடங்கு பெரியது.

நாணு அந்த எண்ணைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று பின்னால் ஒருபோதும் அவனால் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. பார்த்தான். நிறுத்திவிட்டு யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஜோசஃபின் கல்கல் கடிக்கிற சத்தம் கேட்டது.

"இன்னா, நின்னுப்போச்சு?"

"இல்லக்கா, இது இப்படித்தான் கேக்கும்."

வைரஸ் வந்தால் அளவு தப்பாகக் காட்டும் என்று எங்கேயோ கேள்விப்பட்டதாகத் தனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். அழி என்று கேட்கிற எழுத்தை அமுக்கினான். நிச்சயமாகவா என்று மிஷின் திருப்பிக் கேட்டது. அதற்கும் அமுக்கினான். ஃபார்மட் ஆகி, ஃபைல்கள் ஏறின. மிஷின் தானாக அணைந்து மறுபடி எழுந்தது.

எழுந்தது பழைய விண்டோஸ். அதே வால்பேப்பர், அதே வைரஸ், அதே முனகல். ஒன்றும் மாறவில்லை. படங்கள் இருந்த டிஸ்கைத் திறந்தான். கல்யாணங்கள் எதுவும் இல்லை. முன்பின் பார்த்திராத பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் மட்டும் இருந்தன.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஜோசஃபின் எழுந்து வந்தாள். "இன்னா தம்பி?"

"பழைய டிஸ்க்கு போயிடுச்சுக்கா."

"போயிடுச்சுன்னா?"

"செத்துப்போச்சு. அதுக்கு வயசாயிடுச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே காதில் விழுந்தது. டிஸ்க் செத்துப்போவது யார் குற்றமும் இல்லை. ஜோசஃபின் ஸ்கிரீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கல்கல் டப்பாவை மூடினாள்.

"உன் மேல இன்னா தப்பு தம்பி. நீ இன்னா பண்ணுவே" என்றாள்.

*

அன்று சாயங்காலமே நாணு இன்டர்நெட் சென்டருக்குப் போனான். நடந்ததை அரைகுறை இங்கிலீஷில் அடித்துத் தேடினான். உலகத்தில் எவ்வளவோ பேருக்கு இது நடந்திருந்தது. அந்த சிடி பழையது. புது மாதிரி டிஸ்கைக் கண்டுபிடிக்கிற டிரைவர் புரோகிராம் அதில் இல்லை. டிரைவரைத் தனியாக ஒரு ஃபிளாப்பியில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் எழும்போது பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங் பக்கத்துக்குள் போய் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். கடைக்காரர்கள் அப்படித்தான் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். புது டிஸ்க் கண்ணுக்குத் தெரியாததால், தெரிந்த பழைய டிஸ்கை அவன் அழித்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது.

இன்னொன்றும் படித்தான். ஃபார்மட் ஆன டிஸ்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் விட்டால் பெரும்பாலான ஃபைல்களை மீட்க முடியும். மனசு ஒரு கணம் லேசானது. யாருக்கும் தெரியாமல் டிஸ்கைக் கழற்றிக்கொண்டுபோய் மீட்டுக் கொண்டுவந்துவிட்டால், செத்ததை உயிர்ப்பித்ததாகவே சொல்லிக்கொள்ளலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வேகமாகத்தான் நடந்தான்.

கடையில் மிஷின் பக்கவாட்டுத் தகடு கழற்றிக் கிடந்தது. உள்ளே பழைய டிஸ்க் இல்லை.

"மாமா எடுத்துக்கினு ஜோசஃபின் வீட்டுக்குப் போயிருக்காரு" என்றாள் ஜெயலக்ஷ்மி, அவரைக்காய் உரித்துக்கொண்டே. "வெறுங்கையோட போய் எப்படிச் சொல்றது, இதைக் காமிச்சாவது சொல்றேன்னு போனாரு. பாவம், மனுஷன் முகமே இல்ல. நீயும் போ."

போனான். ஜோசஃபின் வீட்டு ஹாலில் கோவிந்தப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். போன் ஸ்பீக்கரில் டெஸ்மண்ட் பேசிக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணா. மிஷினு தானே. உங்க கையிலயா இருக்குது?"

"இல்ல டெஸ்மண்ட். நம்பிக் குடுத்தீங்க. நான் இன்னொரு இடத்துல காபி எடுத்து வெச்சிருக்கணும். என் மேலதான் தப்பு."

"ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஆல்பம் வருதுன்னு. அதான் ஸ்வல்ப கஷ்டமா இருக்குது. பரவால்ல. நான்தான் நேர்ல பாத்துட்டேனே."

சுவரில் வேளாங்கண்ணி மாதா படம். கீழே பலகையில் மெழுகுவர்த்தி. அதன் பக்கத்தில், ஒரு வெள்ளைக் கைக்குட்டையின் மேல், அந்த டிஸ்க்.

"எங்கக்கிட்டயே இருக்கட்டும்ணா" என்று ஜோசஃபின் கோவிந்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பொண்ணு கல்யாணம் இதுக்குள்ளதானே இருக்குது. குப்பையில போட மனசு வரல."

கோவிந்தப்பா நாணுவைப் பார்த்தார். "நாணு, இன்னொரு வாட்டி யோசிச்சுச் சொல்லு. இதுல ஒண்ணும் பண்ண முடியாதா? சுத்தமாப் போயிடுச்சா?"

கதவு தானாகவே திறந்து நின்றதுபோல் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்ல வேண்டும். மதியம் சொன்னது பொய் என்று இத்தனை பேருக்கு முன்னால், மஸ்கட்டில் இருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

"ஆமா மாமா. சுத்தமா" என்றான்.

*

மறுபடி எடுத்துவிடலாம் என்ற யோசனை கோவிந்தப்பாவுடையது. அனுஷாவும் மாப்பிள்ளையும் அதே கல்யாணத் துணியில், அதே கோவிலில். ஃபாதரிடம் அவரே போய்க் கேட்டு அனுமதி வாங்கிவந்தார். அந்த நாட்களில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முத்தை என்கிற ராகிக் களி உருண்டையைச் சாரில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருப்பார். "ஊர்ல ஒருத்தனும் என்னைக் கேக்கல. அதுதான்டி தாங்கல" என்று ஜெயலக்ஷ்மியிடம் சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த நாணுவுக்குக் கேட்டது.

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு போனார்கள். வெயில் வந்தும் குளிர் விடாத காலை. அனுஷா வெள்ளைப் பட்டில் இருந்தாள். பூ வாடாததாக வாங்கியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அந்தக் கோட்டுக்குள் சங்கடமாக இருந்தது. அவன் சிரிக்கச் சொன்னபோதெல்லாம் சிரித்தான். மோதிரம் மாற்றுகிற படம், பலிபீடத்துக்கு முன்னால் மண்டியிட்ட படம் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நாணு ஃபிளாஷ் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசியாக நடைப் படம். அப்பா கையைப் பிடித்து மகள் நடந்து வருவது.

"அனுஷாம்மா, நீங்க மட்டும் வாங்க" என்றார் கோவிந்தப்பா. "கை மட்டும் அன்னிக்கு அப்பாவைப் பிடிச்சிருந்தாப்பல வெச்சுக்கோங்க. நான் அங்க கட் பண்ணிக்கறேன்."

அவள் முழங்கையை மடக்கிக் காற்றில் வைத்துக்கொண்டு நடந்தாள். பிடிக்க ஒன்றும் இல்லாததால் கை ஆடியது. மறுபடி நடந்தாள். அப்போதும் ஆடியது. மூன்றாம் தடவை பாதியில் நின்றுவிட்டாள்.

"வரல அங்கிள்."

ஜோசஃபின் பையைத் திறந்தாள். உள்ளே மடிப்புக் கலையாத ஒரு கறுப்புக் கோட்டு. "அவரு விட்டுட்டுப் போனதுண்ணா. மஸ்கட்ல எனக்கு எதுக்குடி கோட்டுன்னாரு. நாணு தம்பி அவரு ஒசரந்தான். இதைப் போட்டுக்கினு பக்கத்துல நிக்கட்டும். மூஞ்சி வேணாம், பின்னாலேருந்து எடுங்க. புள்ளைக்குப் பிடிச்சிக்க ஒரு கை வேணும் இல்ல?"

கோவிந்தப்பா ஃபிளாஷ் குடையை நாணுவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "போட்டுக்கோடா."

கோட்டில் சென்ட் வாசனையும் நாப்தலின் வாசனையும் அடித்தது. ஜோசஃபின் பிடித்துக்கொள்ள, நாணு ஒரு கையை உள்ளே விட்டான். அனுஷா அவன் பக்கத்தில் வந்து, மரியாதையாக, கொஞ்சம் வெட்கத்தோடு, அவன் முழங்கையில் தன் கையை வைத்தாள். "சும்மா நில்லுங்கண்ணா, போதும்" என்றாள்.

அவனால் இன்னொரு கையை விட முடியவில்லை.

"மாமா, டிஸ்க்கு சாவல" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. "என்னடா?" என்றார் கோவிந்தப்பா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டிஸ்க்கு நல்லாத்தான் இருக்குது. நான்தான் அழிச்சேன். புது டிஸ்க்கு தெரியல, தெரிஞ்சதை அழிச்சிட்டேன். எனக்கு ஏன்னு தெரியல, தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. செத்துப்போச்சுன்னுட்டேன்."

கோவிலுக்குள் ஒரு புறா சிறகடித்துக்கொண்டு கூரையடியில் இடம் மாறி உட்கார்ந்தது. அனுஷா தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கு சாயங்காலமே. எடுத்துடலாம்னும் தெரியும். எடுக்கலாம், பாதிக்கு மேல கெடைக்கும்னு படிச்சேன்."

"அன்னிக்குத்தானே எங்க வீட்டுக்கு வந்தீங்க. அப்பா லைன்ல இருந்தாரே."

"ஆமா."

அவள் தலையிலிருந்த பூவைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். ஜோசஃபின் அவன் ஒரு தோளில் தொங்கிய கோட்டை மெதுவாக இழுத்து வாங்கினாள். திட்டவில்லை. கோட்டை மடித்தாள், மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்னைப் பாத்துக்கினு நீ எப்படிடா தம்பி அதைச் சொன்னே?" என்றாள். "நான் உன் மேல தப்பில்லன்னு சொன்னேனே."

கோவிந்தப்பா கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். ஜிப் மாட்டிக்கொண்டது. அதோடு வெகுநேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் நாணுவைப் பார்க்காமலே, "அந்த டிஸ்கை வாங்கிக்கினு வா. எஸ்.பி. ரோட்டுக்குப் போலாம்" என்றார்.

*

பஸ்ஸில் கோவிந்தப்பா நாணுவின் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். கார்ப்பரேஷன் ஆபீஸைத் தாண்டும்போது, "தெரியலன்னு சொல்லியிருந்தா நான் உன்னைக் கொறைச்சா நெனைச்சிருப்பேன்?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வந்தார்கள். சில நாள் கழித்துப் படங்கள் திரும்பி வந்தன. ஆனால் கல்யாணம் கல்யாணமாக வரவில்லை. பெயர், தேதி எல்லாம் போய், எந்தப் படம் யாருடையது என்று தெரியாமல் ஒரே குவியலாக வந்தன. ஒரு மணப்பெண்ணுக்கு அடுத்து வேறொரு வீட்டுப் பந்தி, அதற்கடுத்து யாருடைய குழந்தையோ. சிலது பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நாணு கடையின் மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். முகம் தெரியாதபோது கோவிந்தப்பாவைக் கேட்க வேண்டியிருந்தது. அவர் பதில் சொன்னார், அந்த முகத்தின் பெயரை மட்டும். சுவரிலிருந்த சர்டிபிகேட்டை நாணுவே கழற்றி பீரோவுக்கு மேல் போட்டான்.

ஜோசஃபின் வீட்டுப் படங்கள் பெரும்பாலும் கிடைத்தன. டெஸ்மண்ட் மகளோடு நடந்து வருகிற படம் முழுசாகவே இருந்தது; வாய் கொஞ்சம் திறந்து, கேமராவைப் பார்க்காமல், மகளின் கால் புடவையில் தடுக்கிவிடுமோ என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பம் மஸ்கட்டுக்குப் போயிற்று. அதை ஜோசஃபின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது கோவிந்தப்பா. நாணு அந்தச் சந்துமுனை வரை கூடப் போய் நின்றுகொண்டான். ஜோசஃபின் வாசலில் அவரிடம் பேசினாள். நாணு நின்ற பக்கம் திரும்பவில்லை.

ஒரு கல்யாணம் மட்டும் வரவேயில்லை. புது விண்டோஸ் ஏறிய இடத்தில் அது இருந்திருக்க வேண்டும். குவியலின் அடியில் தேடித் தேடி அவனுக்குக் கிடைத்தவை மேல்பாதி மட்டும் உள்ள மூன்று நாலு படங்கள். ஒன்றில் வாழைமரம். ஒன்றில் யாருடைய தலைப்பாகையோ.

"பொம்மனஹள்ளி பார்ட்டி" என்றார் கோவிந்தப்பா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. "பிரகாஷ், ரக்ஷிதா. அவங்க இன்னும் வந்து கேக்கல. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"வேணாம் மாமா. நான் போறேன்."

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோவிலில் நடந்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "என்னன்னு சொல்லுவே?"

"நடந்ததை."

திரைக்குப் பின்னாலிருந்து ஜெயலக்ஷ்மி, அத்தனை நாளும் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போனவள், "சாப்பிட்டுட்டுப் போடா" என்றாள். அவன் சாப்பிட உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று பயமாக இருந்தது.

பொம்மனஹள்ளியில் மாடிப்படிக்குக் கீழே ஒண்டுக்குடித்தனம். கதவைத் திறந்தது ரக்ஷிதா. அவனை அடையாளம் தெரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "பன்னி அண்ணா, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்று, "உள்ள வாங்க" என்றபடி அவசரமாகப் பாயிலிருந்த துணிகளை ஒதுக்கினாள். அவன் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்க் காபியோடு வந்தாள்.

"நாங்களே வர்றதா இருந்தோம் அண்ணா. இவருக்கு ஷிப்டு மாறிக்கினே இருக்கு. ஆல்பம் ஆயிடுச்சா?" பதிலுக்குக் காத்திராமல் சுவரைக் காட்டினாள். புதுச் சுண்ணாம்பில் ஒரு ஆணி. "பெரிய ஃபிரேம் ஒண்ணு இங்க மாட்டணும்னு அடிச்சு வெச்சிருக்காரு. தாலி கட்டற போட்டோ. எங்கம்மா அழுவாங்க இல்ல, அது."

டம்ளர் சுட்டது. நாணு அதைக் குடிக்காமல் தரையில் வைத்தான்.

"ஆல்பம் இல்லீங்க. போட்டோவும் இல்ல. கம்ப்யூட்டர்ல நான் தப்பா அழிச்சிட்டேன். திரும்ப எடுக்கப் பாத்தோம். உங்களோடது வரல."

ரக்ஷிதா சிரித்தாள். வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அவள் உதட்டிலேயே நின்றது.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"எங்கம்மா நிக்கறது?"

"அதுவும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்பக்கம் திரும்பி, "ரீ, ஸ்வல்ப இல்லி பன்னி" என்று கன்னடத்தில், கொஞ்சம் இங்கே வரும்படி புருஷனைக் கூப்பிட்டாள். உள்ளே குழாய் நின்றது. பிரகாஷ் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தான். நாணுவைப் பார்த்ததும், "ஓ, ஸ்டுடியோ அண்ணா! எப்ப வந்தீங்க?" என்று கையை நீட்டினான்.

நாணு எழுந்து நின்றான். நீட்டிய கையைத் தொடவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னான்.